எதிர்க்கரை நெருப்பு

யாழ்ப்பாணத்துப் புன்னாலைக்கட்டுவனில் புகையிலை செய்தவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. எதையும் கோணலாக வைக்க அவர்களால் முடியாது. வன்னியில், ஒட்டுசுட்டானுக்கு அப்பால் குடியேற்றத் திட்டத்தில் காணி கிடைத்து, மனைவி அன்னபாக்கியத்தோடு லொறியில் வந்து இறங்கிய அப்புத்துரை, சட்டி பானைகளுக்கு மேலே பத்திரமாக வைத்துக் கொண்டுவந்த சாமான் என்ன தெரியுமா? கன்று நடுகிற கயிறு. அளந்து அளந்து முடிச்சுப் போட்ட கயிறு. இங்கே அவர் விதைத்தது நெல். கயிற்றுக்கு வேலை இல்லாமல் போயிருக்கவேண்டும். ஆனால் வேலிக்குக் கதியால் தடி நட்டபோது கயிறு பிடித்தார். கிணற்றடியில் வாழை வைத்தபோது கயிறு பிடித்தார். யானைக்கு நெருப்பு மூட்டியபோதும் கயிறு பிடித்தார். அங்கேதான் வந்தது வினை.

தை மாதம் கதிர் பால் பிடிக்கும்போது அந்த வாசம் காட்டுக்குள் இருக்கிற யானைகளுக்கு எப்படியோ போய்ச் சேர்ந்துவிடும். வன்னியிலேயே பிறந்து வளர்ந்தவர்கள் யானை வருகிற வழியைப் பார்த்து, அந்த வழியின் வாயில் நாலு பெரிய மரக் குற்றிகளை அடுக்கிக் கொளுத்திவிட்டுப் பரணில் ஏறிப் படுத்துவிடுவார்கள். யாழ்ப்பாணத்திலிருந்து போன நம்மவர்களுக்கு அது ஒழுங்கில்லாத வேலையாகப் பட்டது. கூட்டம் கூடினார்கள். குளத்திலிருந்து காட்டோரம்வரை அரை மைலுக்குப் பெரிய வாய்க்கால் நேராக ஓடுகிறது. அதன் பக்கத்தில் வண்டிப் பாதை. இரண்டு பக்கமும் வயல். ஆகவே இந்தக் கரையில் இருபத்திரண்டு நெருப்பு, எதிர்க்கரையில் இருபத்திரண்டு நெருப்பு என்று தீர்மானமாயிற்று. கரைக்கு ஒருவராக, முறை வைத்து, பொழுதுபடக் கொளுத்தவேண்டும். இடங்களை அளந்து குறித்தவர் அப்புத்துரை.

தண்ணீரூற்று என்ற ஊரிலிருந்து நெல் வாங்க வருகிற முத்தலிப் ஒருநாள் மாலையில் அதைப் பார்த்துவிட்டுச் சைக்கிளை நிறுத்திச் சிரித்தார்.

"அண்ணை, இது ஆனைக்கு வெருட்டோ, மாப்பிள்ளை ஊர்வலத்துக்கு வெளிச்சமோ?"

அப்புத்துரை அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டார். ஊரில் இருக்கிற தமையனுக்குக் கடிதம் எழுதும்போது அதையும் சேர்த்து எழுதினார்.

அறுபத்திரண்டாம் ஆண்டு தை மாதக் கடைசியில் அது நடந்தது. பின்னேரம் நாலு மணிக்கு ஒரு மழை அடித்து ஓய்ந்தது. வானம் கீழே இறங்கி, ஆறு மணிக்கே இருட்டிப் போயிருந்தது. இந்தக் கரையில் அன்றைக்கு அப்புத்துரையின் முறை. எதிர்க்கரையில் வீரகத்தியின் முறை. வீரகத்தி உரும்பிராய்க்காரர், அப்புத்துரையோடு ஒரே லொறியில் வந்தவர். கோபம் வந்தால் ஒரு கிழமை பேசாமல் இருந்துவிட்டு எட்டாம் நாள் மரவள்ளிக் கிழங்கோடு வாசலில் வந்து நிற்கிற மனிதர்.

குற்றிகள் நனைந்திருந்தன. மண்ணெண்ணெய் ஊற்றி, ஊதி ஊதி, கண் எரிய அப்புத்துரை ஒவ்வொன்றாகப் பற்றவைத்துக்கொண்டு போனார். கடைசி நெருப்பு காட்டோரத்தில் இருந்தது. அதற்கு முன்னால் குந்தியிருந்து ஊதிக்கொண்டிருந்தபோதுதான் இரைச்சல் கேட்டது.

கொழும்பிலிருந்து யாழ்ப்பாணத்துப் பலாலிக்குப் போகிற விமானம் இந்தப் பக்கம் வருவதே இல்லை. அது மேற்கே எங்கோ, பகலில், உயரத்தில் போகிற சாமான். இது முகிலுக்குள்ளிருந்து இறங்கி, மரங்களுக்குச் சற்று மேலே ஒரு வட்டம் அடித்தது. போய்விட்டது என்று நினைக்கத் திரும்பவும் வந்தது. இரண்டாம் வட்டத்தில் அதன் வெளிச்சம் குளத்துத் தண்ணீரில் விழுந்ததை அப்புத்துரை கண்டார். பிறகு அது வாய்க்காலின் நேருக்கு வந்து, அவருடைய தலைக்கு மேலாலே போய், காட்டுக்குள் இறங்கியது. சத்தம் நிலத்தால் வந்து காலில் ஏறியது.

ஆண்கள் எல்லோரும் கோடரியும் அரிக்கன் லாம்பும் எடுத்துக்கொண்டு ஓடினார்கள். வெளிக்கிட்ட வேகம் காட்டுக்குள் செல்லுபடியாகவில்லை. விடிந்த பிறகுதான் கிட்டப் போக முடிந்தது. பத்தொன்பது பேர். ஒருவரும் மிஞ்சவில்லை. ஒரு வீரை மரக் கொப்பில் கலியாண அழைப்பிதழ்க் கட்டு ஒன்று, கட்டிய நூல் அறாமல் தொங்கிக்கொண்டிருந்தது. வந்திருந்த பொலிஸ்காரர் அதை எடுத்துப் பிரித்து மாப்பிள்ளை பெண் பெயரை உரத்து வாசித்தார். வாசித்திருக்கத் தேவையில்லை.

அதன் பிறகு ஊரெல்லாம் காரணம். பஸ்ஸில் ஒரு காரணம், தேநீர்க் கடையில் ஒரு காரணம், புளியங்குளம் சந்தியில் இறங்கினால் அங்கே இரண்டு காரணம். இயந்திரம் நின்றுவிட்டதாம். மின்னல் அடித்ததாம். யாரோ குண்டு வைத்ததாம். விமானி குடித்திருந்தாராம். கடைசியாகச் சொன்னதுதான் எல்லோருக்கும் பிடித்திருந்தது. செத்தவர் வந்து மறுக்கப் போவதில்லை அல்லவா? பத்திரிகைகளும் அதையே மெல்ல, சட்டத்துக்கு அகப்படாமல் எழுதின. அப்புத்துரை எல்லாவற்றையும் கேட்டுத் தலையாட்டினார். இந்தக் கதையில் தனக்கும் ஒரு பங்கு இருக்கும் என்று அவர் கனவிலும் நினைக்கவில்லை.

பதினாறாம் நாள் விமானியின் மனைவி வந்தாள்.

பெயர் விமலேஸ்வரி. முப்பது வயது இருக்கும். தமையன் ஒருவர் காரில் கூட்டிவந்திருந்தார். கார் சேற்றில் நின்றுவிட, அவர் அதோடு மல்லுக்கட்டிக்கொண்டு நின்றார். அவள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்து வந்து, முதலில் தெரிந்த வீட்டு வாசலில் நின்றாள். அது அப்புத்துரையின் வீடு. அன்னபாக்கியம் கதிரை எடுத்துப் போட்டுத் தேத்தண்ணி கொடுத்தாள். விழுந்த இடத்தைப் பார்க்கவேண்டும் என்றாள் விமலேஸ்வரி. அப்புத்துரை அவளை வண்டிப் பாதையால் கூட்டிக்கொண்டு போனார்.

பாதி வழியில் அவள் நின்றாள்.

"ஐயா, உந்தக் கறுப்பு என்ன? வழியெல்லாம் கிடக்குது."

"அது ஆனைக்கு மூட்டிற நெருப்புப் பிள்ளை. பொழுதுபடக் கொளுத்துவம்."

"இரண்டு பக்கமுமோ?"

"ஓம். இஞ்சாலை இருபத்திரண்டு, அங்காலை இருபத்திரண்டு. கயிறு பிடிச்சு வைச்சது." ஒரு கணம் பொறுத்துவிட்டு, "நான்தான் வைச்சனான்" என்றும் சொன்னார். அந்த நேரத்திலும் அந்தச் சின்னப் பெருமை அவரை விடவில்லை. பிறகு எத்தனையோ நாள் அந்த ஒரு வசனத்துக்காகவே அவர் தன்னைத் திட்டிக்கொண்டார்.

அவள் வாய்க்கால் கரையைப் பார்த்தாள். எதிர்க்கரையைப் பார்த்தாள். பிறகு காடு இருக்கிற திசையைப் பார்த்தாள்.

"அண்டைக்கும் எரிஞ்சதோ?"

"எரிஞ்சது."

அவள் சேறு என்றும் பாராமல் கரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"இருட்டில பிளேன் இறங்கிறதெண்டா, ஓடுபாதையின்ர இரண்டு பக்கமும் எண்ணெய் விளக்கு வரிசையா வைப்பினம் ஐயா. இவர் சொல்லுவார், மேலால பார்க்க இரண்டு கோடு மாதிரித் தெரியும், நடுவால இறங்கவேணும் எண்டு." அவள் கையை நீட்டி இரண்டு கரையையும் காட்டினாள். "மழையில வழி தவறினவர் இதைக் கண்டிருக்கிறார். பலாலி எண்டு நினைச்சிட்டார். வட்டமடிச்சுப் பார்த்துத்தான் இறங்கியிருக்கிறார். கிட்ட வந்து வாய்க்காலைக் கண்ட பிறகு திரும்ப எழும்ப நேரம் இருந்திருக்காது. கடவுளே, இவரில பிழையில்லை. இவரில பிழையே இல்லை!"

அப்புத்துரை அவளுடைய முகத்தைப் பார்த்தார். வந்ததிலிருந்து அந்த முகத்தில் உயிர் இருக்கவில்லை. இப்போது வந்துவிட்டது. விமானம் வாய்க்காலின் நேருக்கு வந்ததை அவர் தன் கண்ணால் கண்டவர். பதினாறு நாளாக எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பார். ஏன் நேருக்கு வந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை, அவரும் தன்னைக் கேட்கவில்லை.

"பிள்ளை," என்றார். "என்ர வரிசை எரிஞ்சது. அது எனக்குத் தெரியும். அந்தக் கரை வீரகத்தியின்ர முறை."

"அவரும் கொளுத்தியிருப்பார்தானே? ஒரு வரிசை எண்டா அது வெறும் நெருப்பு ஐயா. இரண்டு எண்டாத்தான் ஓடுபாதை."

காட்டுக்குள் போய் அவள் அந்த இடத்தைப் பார்த்தாள். திரும்பி வரும்போதுதான் மெல்லச் சொன்னாள். செத்த வீட்டுக்கு, அந்த விமானத்தில் பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு தாய் வந்தாளாம். வந்தவள் அழவில்லையாம். "உம்மட மனுசன் குடிச்சுப்போட்டு என்ர பிள்ளையைக் கொன்றுபோட்டார்" என்று எல்லோருக்கும் கேட்கச் சொல்லிவிட்டுப் போனாளாம்.

"இவர் ஒரு சொட்டுத் தொடாத மனுசன் ஐயா. ஆருக்குச் சொல்ல ஏலும்? வவுனியாவில விசாரணை வைக்கினம். நீங்கள் வந்து நெருப்பைப் பற்றிச் சொல்லுவீங்களோ?"

அப்புத்துரை ஓம் என்றார். வேறென்ன சொல்வது?

அவள் போன கையோடு அவர் வாய்க்காலைத் தாண்டி வீரகத்தியிடம் போனார். வீரகத்தி மண்வெட்டிக்குப் பிடி போட்டுக்கொண்டிருந்தார்.

"வீரகத்தி, பிளேன் விழுந்த அண்டு உம்மட வரிசை கொளுத்தினனீரோ?"

"பின்னைக் கொளுத்தாமலோ?" என்றார் வீரகத்தி நிமிராமலே. "முறையெண்டா முறைதானே. ஏன் கேக்கிறீர்?"

அப்புத்துரை சொன்னார். சொல்லச் சொல்ல, வீரகத்தியின் கையிலிருந்த பிடி மெல்ல நிலத்தில் இறங்கியது.

"பொறும், பொறும். அண்டைக்குத்தானே அந்த மழை? குற்றியெல்லாம் ஊறிப்போய்க் கிடந்ததெல்லோ? இல்லை அப்புத்துரை. நான் கொளுத்தேல்லப் போல கிடக்கு. கொளுத்தப் போய், பத்தாமல் விட்டிட்டன். ஓம், அப்பிடித்தான்."

"இப்பத்தானே கொளுத்தினனான் எண்டீர்?"

"நான் நினைச்சது வேற நாளை!" என்று கத்தினார் வீரகத்தி.

அவருடைய மனைவி நேசமலரையும் அப்புத்துரை கேட்டார். ஆண்கள் காட்டுக்குள் ஓடிய பிறகு எதிர்க்கரையில் நெருப்பை எரியவிட்டது அவள்தான். போனபோது தணல் கிடந்ததா, புதிதாக மூட்டினாளா என்று கேட்டால், "அவரைக் கேளுங்கோ" என்று குசினிக்குள் அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள். மற்றவர்கள் மழைக்கு வீட்டுக்குள் முடங்கியிருந்து, சத்தம் கேட்டுக் காட்டைப் பார்த்து ஓடியவர்கள்; கரையை ஒருவரும் கவனிக்கவில்லை. சாம்பலைப் பார்க்கலாம் என்றால், நாள் தவறாமல் எரித்த இடத்தில் எந்த நாள் சாம்பல் என்று யார் பிரிக்கிறது?

கதை ஊருக்குள் பரவ ஒரு பகல் போதுமாயிருந்தது. குளக்கட்டுப் பிள்ளையார் கோயிலில் குடும்பத் தலைவர்கள் எல்லோரும் கூடினார்கள். ஒருவரும் அப்புத்துரையை ஏசவில்லை. ஏசியிருந்தால் நல்லாயிருந்திருக்கும். எல்லோரும் பயந்துபோய் இருந்தார்கள். அவர்களுடைய காணி அரசாங்கம் கொடுத்த பெர்மிட் காணி. காணிக் கந்தோரில் ஓர் அதிகாரி பேனாவை எடுத்து ஒரு கோடு கீறினால் வீடு, வயல், கிணறு எல்லாம் போய்விடும். அரசாங்கத்துப் பாதைக் கரையில் ஆரைக் கேட்டு நெருப்பு மூட்டினீர்கள் என்று கேட்டால் என்ன பதில்? பத்தொன்பது கொலைக்கு எத்தனை பேரைத் தூக்குவான்கள் என்று ஒருவர் கணக்குக் கேட்டார். விசர்க் கேள்விதான். ஆனால் ஒருவரும் சிரிக்கவில்லை.

அப்போது வீரகத்தி எழுந்தார். யாரும் கேட்காமல், தானாகவே போய்ச் சந்நிதியில் கற்பூரத்தைக் கொளுத்தினார்.

"அண்டைக்கு என்ர வரிசை எரியேல்ல. நான் கொளுத்தேல்ல. இது சத்தியம்" என்று சொல்லி, எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையால் பொத்தி அணைத்தார்.

கற்பூரம் அணைத்துச் சத்தியம் பண்ணினால் பண்ணினதுதான். அதற்கு மேல் கேட்பவன் மனிதனே இல்லை. எல்லோரும் திருநீறு பூசிக்கொண்டு, பாரம் இறங்கின முகத்தோடு வீட்டுக்குப் போனார்கள்.

அப்புத்துரைக்கும் பாரம் இறங்கியது. பொய் சொல்வானேன்? எதிர்க்கரை எரியவில்லை என்றால் ஓடுபாதை இல்லை. ஓடுபாதை இல்லை என்றால் அந்தப் பத்தொன்பது பேரும் அவருடைய கணக்கில் இல்லை. அன்றைக்கு இரண்டு கோப்பை சோறு சாப்பிட்டார். சாப்பிட்டுக் கை கழுவும்போது அவருக்கு அந்தப் பிள்ளையின் முகம் நினைவு வந்தது. தான் தப்பினால் அவளுடைய புருஷன் குற்றவாளி. புருஷன் தப்பினால் தான் குற்றவாளி. வீரகத்தி நிமிராமல் சொன்ன அந்த முதல் பதிலும் நினைவு வந்தது. "பின்னைக் கொளுத்தாமலோ?" மனுசன் யோசிக்காமல் சொன்னது உண்மையா, கடவுளுக்கு முன்னால் யோசித்துச் சொன்னது உண்மையா?

"நீங்கள் போகவேண்டாம்" என்றாள் அன்னபாக்கியம். "போய் என்னத்தைச் சொல்லப் போறியள்? உங்களுக்கு என்ன தெரியும்?"

"தெரிஞ்சதைச் சொல்லுவன்."

"தெரிஞ்சது ஆருக்கும் உதவாது. தெரியாததைத்தானே அவையள் கேப்பினம்" என்றாள் அவள். அவள் அவ்வளவு அதிகம் பேசுகிற பெண் இல்லை.

மாசி மாதம் விசாரணை. வீரகத்திக்குக் காய்ச்சல் என்று சொல்லியனுப்பிவிட்டார்கள். அப்புத்துரை தனியே, வெள்ளை வேட்டி சால்வையோடு விடியப்புறம் பஸ் ஏறினார். நெடுங்கேணி, புளியங்குளம், ஓமந்தை என்று ஒவ்வோர் இடத்திலும் ஆட்கள் ஏறினார்கள். யாரும் விமானக் கதை கதைக்கவில்லை. அதற்குள் வேறு கதை வந்துவிட்டது.

வவுனியாவில், அரசாங்க அலுவலகமான கச்சேரியில், ஒரு நீளமான மேசைக்குப் பின்னால் மூன்று அதிகாரிகள் இருந்தார்கள். பக்கத்தில் ஒரு மொழிபெயர்ப்பாளர். பின்னால் ஒரு நீள வாங்கிலில் விமலேஸ்வரி உட்கார்ந்திருந்தாள். அப்புத்துரை உள்ளே வந்ததும் அவள் எழுந்து நின்றாள். அது அவரை இன்னும் கஷ்டப்படுத்தியது.

நடுவில் இருந்த அதிகாரி வயதானவர், நல்ல மனிதர் போலத்தான் தெரிந்தார். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டு எழுதினார். நெருப்பு எத்தனை, இடைவெளி எவ்வளவு, எந்த நேரம் பற்றியது என்றெல்லாம் கேட்டார். கயிறு பிடித்த கதையை மொழிபெயர்ப்பாளர் சொன்னபோது மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு அந்தக் கேள்வி வந்தது.

"அன்றைக்கு எரிந்தது ஒரு வரிசையா, இரண்டு வரிசையா?"

"என்ர வரிசை எரிஞ்சது ஐயா. மற்றதை நான் சொல்ல ஏலாமல் கிடக்கு."

"எதிரில் இருபத்திரண்டு நெருப்பு எரிந்தால் உமக்குத் தெரியாதா?"

"ஈரக் குற்றி ஐயா, ஒரே புகை. நான் குனிஞ்சு ஊதிக்கொண்டு நிண்டனான். சத்தம் கேட்ட பிறகு மேலதான் பார்த்தனான்."

"ஒரு தரம்கூட எதிர்க்கரையைப் பார்க்கவில்லையா?"

அப்புத்துரை கண்ணை மூடிப் பார்த்தார். எதிர்க்கரை தெரிந்தது. இருபத்திரண்டு நெருப்பும், தண்ணீரில் அவற்றின் நிழலும் தெளிவாகத் தெரிந்தன. ஆனால் அதை அவர் நாள்தோறும் பார்த்தவர். அது அன்றைய எதிர்க்கரையா, முதல் நாள் எதிர்க்கரையா?

"பார்த்திருப்பன் ஐயா. ஆனா எந்த நாள் பார்த்தது எண்டு பிரிக்க எனக்குத் தெரியேல்ல."

மொழிபெயர்ப்பாளர் அதை ஆங்கிலத்தில் சொன்னார். அதிகாரி பேனாவை வைத்துவிட்டார். பின்னால் வாங்கில் கிரீச்சிட்டது. விமலேஸ்வரி உட்கார்ந்துவிட்டாள் என்று திரும்பிப் பார்க்காமலே அவருக்குத் தெரிந்தது.

வெளியே விறாந்தையில் அவள் அவருக்காகக் காத்து நின்றாள். கோபிக்கவில்லை.

"நீங்கள் பொய் சொல்லாத ஆள் ஐயா. அதுதான் வில்லங்கம்" என்றாள். ஒரு கடிதாசித் துண்டில் கொழும்பு வெள்ளவத்தை விலாசத்தை எழுதிக் கொடுத்தாள். "அந்த வீரகத்தியைத் தனியாக் கேட்டுப் பாருங்கோ. பயம் போன பிறகு கேளுங்கோ. எப்பிடிச் சொன்னாலும் எனக்கு எழுதுங்கோ. பேப்பருக்குக் குடுக்கமாட்டன். எனக்குத் தெரிஞ்சாப் போதும்."

ஆவணி மாதம் அறிக்கை வந்தது. ஒட்டுசுட்டான் கடையில் பத்திரிகையை வாங்கி, நின்ற நிலையிலேயே அப்புத்துரை வாசித்தார். விபத்துக்கான காரணத்தை நிச்சயிக்க முடியவில்லை. இயந்திரக் கோளாறு, காலநிலை, விமானியின் கணிப்புத் தவறு ஆகிய மூன்றில் எதையும் ஒதுக்கிவிட முடியாது. அவ்வளவுதான். நெருப்பைப் பற்றி ஒரு சொல் இல்லை. பஸ்ஸில் இரண்டு தரம், வீட்டில் ஒரு தரம் திருப்பி வாசித்தார். ஓர் அரைவாசி வசனமாவது இருந்திருக்கலாம். குற்றம் என்று எழுதியிருந்தால் தலைகுனிந்திருப்பார். குற்றமில்லை என்று எழுதியிருந்தால் நிமிர்ந்திருப்பார். ஒன்றும் எழுதாமல் விட்டால் மனிதன் கழுத்தை எப்படி வைத்துக்கொள்வது?

புரட்டாதியில் விதைப்புக்கு முன்னால் வாய்க்கால் துப்புரவு. ஒருநாள் மத்தியானம் மற்றவர்கள் சாப்பிடப் போய்விட, அப்புத்துரையும் வீரகத்தியும் மட்டும் இடுப்பளவு சேற்றில் நின்றார்கள். அந்தச் சத்தியத்துக்குப் பிறகு இரண்டு பேரும் நெருப்பைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. இப்போது பயப்பட ஒன்றும் இல்லை. விசாரணை முடிந்தது, பெர்மிட்டில் ஒருவரும் கை வைக்கவில்லை.

"வீரகத்தி, ஒருத்தரும் இல்லை. நான் ஆரிட்டையும் சொல்லமாட்டன். என்ர தலையில அடிச்சு வேணுமெண்டாலும் சத்தியம் பண்ணுறன். அண்டைக்குக் கொளுத்தினனீரோ, இல்லையோ?"

வீரகத்தி மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நின்றார். கோபிப்பார் என்று அப்புத்துரை எதிர்பார்த்தார். ஒரு கிழமை பேசாமல் விடுவார், எட்டாம் நாள் வருவார், பரவாயில்லை என்று நினைத்தார். வீரகத்தி அழத் தொடங்கினார். சேற்றுக் கையால் முகத்தைத் துடைக்கவும் முடியாமல், நின்ற நிலையில் அழுதார்.

"எனக்குத் தெரியேல்ல அப்புத்துரை. பிள்ளையாராணை எனக்குத் தெரியேல்ல. நீர் முதல் கேட்ட அண்டு எனக்குத் தெரிஞ்சிருக்கும். அதுக்குப் பிறகு பயத்தில, கொளுத்தேல்ல, கொளுத்தேல்ல எண்டு எனக்கு நானே எத்தினை தரம் சொன்னனான். சத்தியமும் பண்ணிப்போட்டன். இப்ப யோசிச்சுப் பார்த்தா, ஈரக் குற்றியும் பத்தாத நெருப்புக்குச்சியும்தான் கண்ணில நிக்குது. அது நடந்ததோ, நானே மனசில வைச்சதோ, ஆர் கண்டது? நானும் தேடித் தேடிப் பாக்கிறன். அந்த இடத்தில ஒண்டுமில்லை."

அப்புத்துரை எட்டி அவருடைய தோளைப் பிடித்துக்கொண்டார். கேட்டிருக்கக்கூடாது என்று பட்டது. உலகத்தில் ஒரேயொரு மனிதருக்குத் தெரிந்திருந்த விஷயம், இப்போது அவருக்கும் தெரியாமல் போய்விட்டது. நேசமலர் புருஷன் சொன்னதற்கு மேல் ஒன்றும் சொல்லமாட்டாள். இனிக் கேட்க ஆள் இல்லை.

விமலேஸ்வரிக்கு என்ன எழுதுவது என்று ஒரு கிழமை யோசித்தார். எழுதாமல் விடலாம். தெரியாது என்று எழுதலாம். அந்தத் 'தெரியாது' என்ற பதிலை அவள் அறிக்கையில் ஏற்கெனவே வாசித்திருப்பாள். கடைசியில் ஒரு பின்னேரம் மேசையை முற்றத்து வெளிச்சத்துக்கு இழுத்துப் போட்டுக்கொண்டு எழுதினார்.

"அன்புள்ள பிள்ளைக்கு, அன்று இரண்டு வரிசையும் எரிந்தன. நான் என் கண்ணால் கண்டேன். விசாரணையில் பயத்தினால் மறைத்துவிட்டேன். உம்முடைய கணவரில் ஒரு பிழையும் இல்லை. பிழை முழுவதும் என்னுடையது. என்னை மன்னித்துக்கொள்ளும்."

எழுதினதை அன்னபாக்கியத்துக்கு வாசித்துக் காட்டினார்.

"கண்டனீங்களோ?" என்று கேட்டாள் அவள்.

"எனக்குத் தெரியாது."

"அப்ப பத்தொன்பது பேரைத் தூக்கி உங்கட தலையில வைச்சுப்போட்டு நித்திரை கொள்ளுவீங்களோ?"

"இப்ப மட்டும் நித்திரை கொள்ளுறனோ?"

அவள் கடித உறையை எடுத்துவந்து கொடுத்தாள். தபாலில் போட்டுவிட்டு வந்தபோது அப்புத்துரைக்கு மாதக்கணக்கில் இல்லாத ஒரு அமைதி இருந்தது. குற்றவாளியாக இருப்பதும் ஒரு இடத்தில் இருப்பதுதான். காலை ஊன்ற நிலம் கிடைத்த மாதிரி இருந்தது. இனி அந்தப் பெண் தன் வீட்டு வாசலில் நிமிர்ந்து நிற்பாள், தான் ஒருவன் குனிந்தால் போதும் என்று நினைத்துக்கொண்டார். ஒன்பது நாள் அப்படி நினைத்துக்கொண்டு நல்லாகச் சாப்பிட்டார்.

பத்தாம் நாள் பதில் வந்தது. நீல மையில், வடிவான எழுத்து.

"மதிப்புக்குரிய ஐயாவுக்கு, உங்கள் கடிதத்தை எத்தனை தரம் வாசித்தேன் என்று எனக்கே தெரியாது. முதல் நாள் சந்தோஷத்தில் அழுதேன். இரண்டாம் நாள் அந்தக் கச்சேரியில் நீங்கள் கண்ணை மூடிக்கொண்டு நின்றது நினைவு வந்தது. அன்றைக்கு நீங்கள் பயந்த மாதிரித் தெரியவில்லை. தேடிய மாதிரித்தான் தெரிந்தது. ஐயா, ஒன்றே ஒன்று கேட்கிறேன். இது நடந்ததா, அல்லது எனக்காக எழுதினீர்களா? நடந்தது என்றால் ஒரு வரி எழுதுங்கள், நான் நம்புவேன். எனக்காக எழுதியிருந்தால் பதில் போடவேண்டாம். நான் விளங்கிக்கொள்ளுவேன்."

அப்புத்துரை அன்றைக்கே கடிதாசியும் பேனாவும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். "அன்புள்ள பிள்ளைக்கு" என்று எழுதினார். ஒரு வரிதான். முதல் தரம் எவ்வளவு சுகமாக எழுதினார். இப்போது கை போகவில்லை. நடந்தது என்று எழுதினால் அவள் நம்பிவிடுவாள், ஆயுள் முழுக்க நம்புவாள். ஒருவேளை அது நடக்காமல் இருந்தால்? எழுதாவிட்டால் நடக்கவில்லை என்று விளங்கிக்கொள்வாள், புருஷனில் பிழை என்று நினைப்பாள். ஒருவேளை அது நடந்திருந்தால்?

"என்ன எழுதப் போறியள்?" என்று அன்னபாக்கியம் கேட்டாள்.

"நாளைக்குப் பாப்பம்" என்றார்.

மறுநாள் விதைப்பு. அதற்கு மறுநாள் மழை. அதற்கடுத்த நாள் தபால் கந்தோர் பூட்டு. ஒவ்வொரு நாளும் அவர் அந்தக் கடிதாசியை எடுத்து விரித்துப் பார்த்தார், பிறகு மடித்து அலுமாரிக்குள் வைத்தார். யோசிக்கத்தான் நேரம் எடுக்கிறேன் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். அவர் எழுதாமல் விட்ட நாட்கள், ஒவ்வொன்றாக, கொழும்பில் ஒரு வாசலில் பதிலாகப் போய்ச் சேர்ந்துகொண்டிருந்தன.